கொழும்பில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

ஜூலை மாதம் பிறந்துவிட்டால் வெள்ளவத்தை ஒழுங்கைகளில் ஆங்கிலமும் பிரெஞ்சும் ஜேர்மனும் கலந்த தமிழ் கேட்கத் தொடங்கிவிடும். மேற்குலகப் பாடசாலைகளுக்கு விடுமுறை. நல்லூர்க் கந்தனுக்குத் திருவிழா. இரண்டும் அடுத்தடுத்து வருவதால் புலம்பெயர்ந்த நம்மவர்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குகின்றனர். வடக்கே செல்வதற்கு முன்னரும் சென்று திரும்பிய பின்னரும் நான்கைந்து நாட்களை வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றிலோ கொட்டாஞ்சேனை உறவினர் வீட்டிலோ கழிக்கின்றனர். அப்போது அவர்தம் பிள்ளைகள் தவறாது எழுப்பும் வினா ஒன்று உண்டு: "இங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?"

நம்மவர்கள் அளிக்கும் விடையும் ஆண்டுதோறும் ஒன்றே. இங்கே ஒன்றும் இல்லை. நாளைக்குக் காலிமுகத்திடலுக்குப் போவோம், தாமரைக் கோபுரத்தில் ஏறுவோம், தெஹிவளை மிருகக்காட்சிசாலையைப் பார்ப்போம், அதன் பின்னர் பெந்தோட்டைப் பக்கம் போய்க் கடலில் குளிப்போம். கடலிலிருந்து 200 மீற்றர் தொலைவில் நின்றுகொண்டு, கடல் பார்ப்பதற்காக அறுபது கிலோமீற்றர் பயணத்துக்கு வாகனம் பேசுகின்றோம்!

காலிமுகத்திடலுக்கோ பெந்தோட்டைக்கோ போக வேண்டாம் என்று சொல்வது எனது நோக்கமன்று. "இங்கே ஒன்றும் இல்லை" என்னும் அந்த மூன்று சொற்கள்தாம் என்னை உறுத்துகின்றன. கொழும்புத் தமிழர் தமது ஊரைப் பற்றிக் கொண்டிருக்கும் எண்ணம் முழுவதும் அந்தச் சொற்களுக்குள் அடங்கிவிடுகின்றது. தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்ந்தும் நாம் இதை ஒரு தங்குமிடமாகவே கருதி வருகின்றோம். வேலைக்காக, படிப்புக்காக, விசாவுக்காக, வைத்தியத்துக்காக வந்து தங்கும் இடம். தங்குமிடத்தில் பார்ப்பதற்கு எதுவும் இருக்காது. ஊரில்தான் இருக்கும்.

வெள்ளவத்தை என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் எழுதும்போது வெள்ளமோ வெள்ளையோ நினைவுக்கு வரலாம். சிங்களத்தில் 'வெல்ல' என்றால் கடற்கரை மணல். 'வத்த' என்றால் தோட்டம். கடற்கரைத் தோட்டம் என்பதே ஊரின் பெயர். ஆயினும் காலி வீதியில் மரக்கறி வாங்கி, உடுபுடவை வாங்கி, நகை பார்த்து, தோசை உண்டு வீடு திரும்பும் ஒருவர், மேற்குத் திசையில் கடல் இருக்கின்றது என்ற எண்ணமே இன்றி ஆண்டுக் கணக்கில் இங்கே வாழ்ந்துவிட முடியும். கடலுக்கும் ஊருக்கும் இடையே புகையிரதப் பாதை. அதன் அருகே மரைன் டிரைவ். அதன் அருகே வானளாவும் தொடர்மாடிகள். மாடியில் குடியிருப்பவருக்குக் கடல் சாளரத்தின் வழியே தெரியும் ஒரு படம். கீழே நடப்பவருக்கோ அதுவும் இல்லை.

கொட்டாஞ்சேனையின் கதை வேறு. அங்கே மக்கள் கடலுக்கு முதுகு காட்டவில்லை. கடல்தான் அவர்களிடமிருந்து மதில் கட்டி மறைக்கப்பட்டது. 1875ஆம் ஆண்டு, பின்னாளில் ஏழாம் எட்வேர்ட் மன்னராக முடிசூடிய வேல்ஸ் இளவரசர் கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டினார். திறந்த கடலில் நங்கூரமிட்டுத் தத்தளித்த கப்பல்களுக்கு அதன் பின்னர் பாதுகாப்பான துறைமுகம் வாய்த்தது. கரையில் வாழ்ந்தோருக்குப் படிப்படியாகக் கடல் துறைமுக மதிலுக்கு அப்பால் சென்றுவிட்டது. ஆங்கிலத்தில் 'சீ ஸ்ட்ரீட்', அதாவது கடல் தெரு, என்று வழங்கும் வீதியை நாம் செட்டியார் தெரு என்கின்றோம். இன்று அந்தத் தெருவில் செட்டிமாரின் கோவில்கள் உண்டு, நகைக் கடைகள் உண்டு. கடல் மட்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கடலை நாம் பார்க்க மறந்தமைக்கு மதிலும் தண்டவாளமும் மட்டுமே காரணம் என்றால் இக்கட்டுரைக்குத் தேவை இராது. கொழும்புத் தமிழனுக்குக் கடல் என்பது பொழுதுபோக்கும் இடமாக இருந்ததைவிடத் தப்பிச் செல்லும் வழியாகவே பலமுறை இருந்திருக்கின்றது. 1958ஆம் ஆண்டுக் கலவரத்தில் அகதிகளானோர் கொழும்புத் துறைமுகத்திலிருந்து கப்பல்களில் வடக்கே அனுப்பப்பட்டனர். 1983 ஜூலையில் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியிலும் இரத்மலானை விமான நிலையக் கொட்டகையிலும் தஞ்சம் அடைந்திருந்தோர் 'லங்கா கல்யாணி' போன்ற கப்பல்களில் காங்கேசன்துறைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். உடுத்த உடையோடு கப்பலேறிய அந்த மக்கள் கடலில் இருந்தபடி திரும்பிப் பார்த்த கரை, இன்று சுற்றுலாப் பயணிகள் ஒளிப்படம் எடுக்கும் இதே கரைதான்.

போர்க்காலத்தில் கரையோரம் என்பது பாதுகாப்பு வலயம் என்றாயிற்று. பொலிஸ் பதிவு, அடையாள அட்டை, சோதனைச் சாவடி, "எங்கிருந்து வருகிறாய், எதற்காக வந்தாய்" என்ற கேள்விகள். மாலையில் தண்டவாளத்தைக் கடந்து பாறையில் சென்று அமர்வதற்குக் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. "கடல் பார்க்க வந்தேன்" என்பது காரணமாக ஏற்கப்படும் என்ற நம்பிக்கை எவருக்கும் இருக்கவில்லை.

2007ஆம் ஆண்டின் முற்பகுதியில் செய்தி ஒன்றுக்காக வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் முதிய தாயார் ஒருவரைச் சந்தித்தேன். கிளிநொச்சிப் பக்கத்தவர். ஜேர்மனியில் இருக்கும் மகனிடம் செல்வதற்கு விசாவுக்காக மூன்று மாதங்களாகக் காத்திருந்தார். அறைக்கு வெளியே சென்று வருவதுண்டா, கடற்கரைக்குப் போனதுண்டா என்று கேட்டேன். "கடல் இருக்கெண்டு தெரியும் தம்பி. ராவிலை றெயின் போன சத்தம் அடங்கினாப் பிறகு இரையிறது கேக்கும். போய்ப் பாக்க ஆருக்குத் துணிவு?" என்றார். மே மாதத்தில் அவருக்கு விசா கிடைத்தது. கடலைக் காணாமலே விமானம் ஏறிச் சென்றார்.

அவர் சென்ற அடுத்த மாதம், ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய பகுதிகளின் லொட்ஜ்களில் தங்கியிருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். கொழும்பில் தங்குவதற்குத் தக்க காரணம் இல்லை என்பதே சொல்லப்பட்ட நியாயம். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தொடுத்த வழக்கில் மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அப்போதைய பிரதமர் இரத்னசிறி விக்ரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். ஆயினும் அந்தக் காலைப்பொழுது சொன்ன செய்தி நம்மவர் நெஞ்சில் ஆழப் பதிந்துவிட்டது: நீங்கள் இங்கே தங்குபவர்கள், ஊரவர்கள் அல்லர்.

போர் முடிந்து ஐந்து மாதங்களின் பின்னர், 2009 ஒக்டோபரில், பம்பலப்பிட்டிக் கடலில் மனநலம் பாதிக்கப்பட்ட தமிழ் இளைஞர் ஒருவர் பொல்லுகளால் தாக்கப்பட்டு நீருக்குள் துரத்தப்பட்டு மூழ்கி இறந்தார். கைகூப்பி இரந்த அவரது காட்சியைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. கரையில் நின்றவர்களும் பார்த்துக்கொண்டுதான் நின்றனர். இவற்றையெல்லாம் அறிந்தவர்களிடம் "மாலையில் கடற்கரைக்குப் போய் வாருங்கள்" என்று இலகுவாகச் சொல்லிவிட முடியுமா?

சொல்லத்தான் வேண்டும் என்பதே எனது துணிபு. நம்மை ஊரவர்கள் அல்லர் என்று சொன்னவர்களின் கூற்றை நாமே நமது பிள்ளைகளிடம் திருப்பிச் சொல்வதற்கு ஒப்பானது "இங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை" என்ற விடை. ஓர் ஊரைச் சுற்றிப் பார்ப்பது பொழுதுபோக்குத்தான். கூடவே அது உரிமை கோருவதுமாகும். தெருவின் பெயர் ஏன் வந்தது, இந்தக் கோபுரத்தை யார் கட்டினார், இந்த மதில் எப்போது எழுந்தது என்று அறிந்தவனை எளிதில் அந்நியன் என்று சொல்லிவிட முடியாது.

ஆகவே விருந்தினரோடு வரும் பிள்ளைகளுக்கு நான் பரிந்துரைப்பது ஒரு நாள் நடை. காலையில் கொட்டாஞ்சேனை, மாலையில் வெள்ளவத்தை. அனுமதிச் சீட்டு எதுவும் தேவையில்லை.

கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தில் தொடங்கலாம். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கம் தடைசெய்யப்பட்டிருந்தபோது கொச்சியிலிருந்து வந்த குரு ஒருவர் வணிகராக வேடம் பூண்டு இங்கே மறைபணி ஆற்றினார் என்பது இத்தலத்தின் மரபுக் கதை. கடல் கரையை அரித்து வந்தபோது மீனவர்கள் அவரை வேண்டினர். அவர் கரையில் சிலுவை நாட்டிச் செபிக்க, கடல் பின்வாங்கியது. அந்த நிலமே அவருக்கு அளிக்கப்பட்டது என்று அக்கதை தொடர்கின்றது. ஆக, கொழும்பில் கடலோடு பேசிய தலம் இது. செவ்வாய்க்கிழமைகளில் இங்கே சென்றால் மெழுகுவர்த்தி ஏந்தி நிற்போரில் கத்தோலிக்கர் யார், இந்து யார், பௌத்தர் யார் என்று பிரித்தறிய இயலாது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, நாடெங்கும் 250க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட தாக்குதல்களில் ஒன்று நிகழ்ந்ததும் இதே ஆலயத்தில்தான். ஆலயத்தைச் செப்பனிட்டு ஜூன் 12ஆம் திகதி, திருவிழாவுக்கு முன்னாள், மீண்டும் திறந்தனர்.

சற்றுத் தொலைவில் பொன்னம்பலவாணேசுவரர் கோவில். 1857இல் பொன்னம்பல முதலியார் கட்டுவித்தது. அவர்தம் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 தொடக்கம் 1912 வரை முழுவதும் கருங்கல்லால் திரும்பக் கட்டுவித்தார். தமிழகக் கோவில்களைக் கண்டவர்களுக்கும் இதன் தூண் மண்டபம் ஏமாற்றம் அளிக்காது. வெளியே லொறிகளின் இரைச்சல். உள்ளே கல்லின் குளிர்ச்சி. மாறுபாட்டை உணர்வதற்காகவே உச்சிவெயிலில் ஒருமுறை உள்ளே செல்ல வேண்டும்.

மேட்டின் மீது நிற்கும் வொல்வெண்டால் தேவாலயம் ஒல்லாந்தர் 1757இல் கட்டி முடித்தது. தடித்த சுவர்கள், தரையிலும் வெளியிலும் ஒல்லாந்தர் காலக் கல்லறைக் கற்கள். புனித லூசியா பேராலயத்தின் பெருங்குவிமாடமோ கொட்டாஞ்சேனையின் அடையாளம். அங்கே சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பூசைகள் நடைபெறுகின்றன. ஒரே பீடத்தின் முன் மூன்று மொழிகளும் முறைவைத்து ஒலிப்பதைக் கேட்க வேறெங்கும் செல்ல வேண்டியதில்லை.

பேராலயத்திலிருந்து நடந்துபோகும் தொலைவில் தீபதுத்தாராமய விகாரை. 1885இல் பௌத்தக் கொடி முதன்முதலில் ஏற்றப்பட்ட இடங்களுள் தலையாயது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1883 மார்ச் 25ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று, இந்த விகாரைக்குச் சென்ற பௌத்த ஊர்வலத்தைக் கத்தோலிக்கர் வழிமறித்துத் தாக்கக் கொட்டாஞ்சேனைக் கலவரம் மூண்டது. அந்தக் கலவரத்தின் பின்விளைவாகவே பௌத்தர்கள் அமைப்பாகத் திரண்டு கோரிக்கை வைத்து, வெசாக் நாளைப் பொது விடுமுறையாகப் பெற்றனர். 1983ஐப் பேசும் நமது பிள்ளைகள் 1883ஐயும் அறிந்திருப்பது நன்று. மதத்தின் பேரால் அடித்துக்கொண்ட இதே தெருக்களில் இன்று பேராலயத்துக்கும் விகாரைக்கும் இடையே அச்சமின்றி நடக்க முடிகின்றது என்றால், பகை தீர வழி இல்லை என்று எவரும் சொல்ல முடியாது.

இன்னும் உண்டு. ஜம்பட்டா வீதி முத்துமாரியம்மன் கோவில், கைத்தொழில் கூடங்களோடு ஒட்டிய சிறு சந்துகள், தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து வந்து குடியேறிய பரதவர் குடும்பங்களின் பழைய வீடுகள். விவேகானந்த மேடு என்ற பெயரில் ஒரு தெருவே இங்கு உண்டு. 1902இல் தொடங்கப்பட்ட விவேகானந்த சபை அங்கே இருக்கின்றது. அமெரிக்காவில் புகழ்பெற்றுத் திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 15ஆம் திகதி கொழும்புத் துறைமுகத்திலேதான் தரையிறங்கினார் என்பதை நினைத்துப் பார்த்தால் பெயரின் பொருத்தம் விளங்கும். கால் ஓயாதவர்கள் வடக்கே முகத்துவாரம் வரை சென்று, களனி கங்கை கடலோடு கலப்பதையும் மீன்பிடிப் படகுகளையும் காணலாம். துறைமுக மதில் அங்கே முடிந்து கடல் மறுபடியும் மக்களிடம் வருகின்றது. 2021 மே மாதத்தில் 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' கப்பல் தீப்பற்றி, இரசாயனங்களையும் பிளாஸ்டிக் குருணைகளையும் மேற்குக் கரையெங்கும் இறைத்தபோது முதலில் தொழில் இழந்தவர்கள் இந்தப் பக்கத்து மீனவர்களும் நீர்கொழும்பு மீனவர்களுமே.

நண்பகல் கழிந்ததும் 155ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் வட கொழும்பிலிருந்து தென் கொழும்புக்கு வந்துவிடலாம். முருகனே ஆண்டுக்கொருமுறை இப்பயணத்தை மேற்கொள்கின்றான். ஆடிவேல் விழாவில் செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் வேல் இரதம் காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக்கு வருகின்றது. இரு பகுதிகளையும் இணைக்கும் விழா என்று இதைவிடப் பொருத்தமான ஒன்றைச் சொல்ல முடியாது. ஆடி மாதத்தில் வரும் விருந்தினர் இதைத் தவறவிடலாகாது.

பஸ் பிடிக்காதோர் கோட்டைப் புகையிரத நிலையத்திலிருந்து தெற்கே செல்லும் புகையிரதத்தில் வரலாம். வலப்புறச் சாளரத்தருகே இடம் பிடிக்க வேண்டும். கொள்ளுப்பிட்டி தாண்டியதும் அலையின் திவலை முகத்தில் படும் அளவுக்குக் கடல் அருகே வந்துவிடும். இந்தக் காசுக்கு இத்தகைய கடற்பயணம் உலகில் எங்கும் கிடைக்குமா என்பது ஐயமே. 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை இதே பாதையில் சென்ற 'சமுத்திர தேவி' புகையிரதம்தான் பெரலியவில் ஆழிப்பேரலையில் சிக்கி ஆயிரத்துக்கும் மேற்பட்டோருடன் அழிந்தது. 1996 ஜூலையில் தெஹிவளை நிலையத்தில் குண்டு வெடித்துப் பலர் மாண்டதும் இதே பாதையில்தான். அழகையும் துயரையும் அருகருகே வைத்துச் சொல்லும்போதுதான் பிள்ளைகளுக்கு ஊர் விளங்கும்.

வெள்ளவத்தையில் முதலில் 57ஆவது ஒழுங்கையில் உள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கத்துக்குச் செல்ல வேண்டும். 1942இல் தோன்றிய சங்கம் இது. அதன் நூலகத்தில் ஒரு மணி நேரம் செலவிடுங்கள். யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்ததை அறிந்த பிள்ளைகளுக்கு, தமிழ் நூல்கள் அடுக்கடுக்காக இருக்கும் ஒரு மண்டபத்தைக் காட்டுவது கட்டாயம் என்பேன். அடுத்து மயூரபதி பத்திரகாளி அம்மன் கோவில். இராமகிருஷ்ண வீதியில் இராமகிருஷ்ண மிஷன். அதன் மண்டபத்தில் கம்பன் விழாக் கேட்டு வளர்ந்த தலைமுறை ஒன்று இந்நகரில் உண்டு.

காலி வீதிக் கடைகளைத் தவிர்க்க வேண்டியதில்லை. ஒடியல் மா, புழுக்கொடியல், பனங்கட்டி, நல்லெண்ணெய், மோர் மிளகாய் என்று வடக்கின் அத்தனை பண்டமும் இங்கே வந்து குவிகின்றது. பருவத்தில் கறுத்தக் கொழும்பான் மாம்பழமும் வரும். யாழ்ப்பாணத்துக்கே உரிய அந்த மாம்பழம் தன் பெயரில் கொழும்பைச் சுமந்துகொண்டு கொழும்புக்கு வருவதைப் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், ரசிப்பார்கள்.

ஐந்தரை மணிக்குக் கடலுக்குச் செல்லுங்கள். கச்சான் சரை ஒன்றோ அன்னாசி அச்சாறோ கையில் இருந்தால் போதும். மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றால் கடல் கொந்தளிக்கும்; அப்போது இறங்க எண்ணாமல் இருந்து பார்ப்பதே அறிவுடைமை. தண்டவாளத்தின் மீது நடப்பதையும் அங்கே நின்று ஒளிப்படம் எடுப்பதையும் அறவே விடுங்கள். அலையின் இரைச்சலில் வண்டியின் ஓசை கேட்பதில்லை. கருங்கற்களின் மேல் அமர்ந்தால் மூன்று மொழிகளும் காதில் விழும். தூண்டில் போடும் சிங்களவர், குழந்தைகளோடு வரும் முஸ்லிம் குடும்பம், தனிப் பாடம் முடித்துப் புத்தகப் பையோடு வந்து நிற்கும் தமிழ்ப் பிள்ளைகள். எவரும் எவரிடமும் அடையாள அட்டை கேட்பதில்லை.

இரவில் காலிமுகத்திடலுக்கும் போகலாம். இறால் வடையும் உண்ணலாம். அங்கே செல்லும்போது மூன்று ஆண்டுகளைச் சொல்லுங்கள். 1859இல் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் இந்த நடைபாதையை அமைத்து முடித்து, கொழும்பின் பெண்களுக்காகவும் சிறுவர்களுக்காகவும் இதைப் பேணும்படி பின்வருவோரைக் கல்லெழுத்தில் கேட்டுக்கொண்டார். 1956 ஜூன் 5ஆம் திகதி, தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்துச் செல்வநாயகம் தலைமையில் அறவழியில் அமர்ந்தோர் இங்கே தாக்கப்பட்டனர். 2022இல் இதே திடலில் இளைஞர்கள் பல நூறு கூடாரங்களை அமைத்து ஆட்சியை அசைத்தபோது, மே 18ஆம் திகதி முள்ளிவாய்க்காலில் இறந்தோர் நினைவாகக் கஞ்சி பகிரப்பட்டது. 1956இல் தமிழன் அடிபட்ட புல்வெளியில் 66 ஆண்டுகளின் பின்னர் சிங்கள இளைஞன் அந்தக் கஞ்சியை வாங்கிக் குடித்தான். திடலின் வடக்கே 269 ஹெக்டயர் கடலை நிரப்பி எழுந்துள்ள துறைமுக நகரத்தை மட்டும் காட்டிவிட்டு வருவோமானால், பிள்ளைகள் கண்டது மணலும் கண்ணாடியும்தான்.

நண்பர் சிலர் இதைக் கேட்டுச் சிரிக்கின்றனர். வெள்ளவத்தைக் கால்வாயின் நாற்றத்தையா காட்டச் சொல்கிறாய், கொட்டாஞ்சேனையின் நெரிசலையா என்று கேட்கின்றனர். நாற்றமும் நெரிசலும் உண்மை. எனினும் நாம் பார்க்கச் செல்லாத கரையைச் சுத்தம் செய்யும்படி யார் மாநகர சபையைக் கேட்கப் போகின்றார்கள்? மாலைதோறும் ஆயிரம் பேர் வந்து நிற்கும் இடத்தில் குப்பை கொட்டத் தயங்குவார்கள். ஆளில்லாத இடத்தில் தயங்கமாட்டார்கள். இன்னொரு அச்சமும் உண்டு. பட்டியலில் இடம்பெற்றால் பணம் படைத்தோர் வந்து கரையை வளைத்துக்கொள்வார்கள் என்பது அது. இந்த அச்சத்தில் நியாயம் உண்டு. ஆயினும் காலிமுகத்திடலை இன்று வரை பொது இடமாகக் காத்து வந்திருப்பது, ஞாயிறு தோறும் பட்டம் விடச் செல்லும் சாதாரண மக்களின் கால்களே.

எனவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்கின்றேன். முதலாவது, மரைன் டிரைவிலிருந்து கரைக்குச் செல்வதற்குப் பாதுகாப்பான கடவைகளும் இருக்கைகளும் விளக்குகளும் அமைக்கப்பட வேண்டும். முதியோரும் சக்கர நாற்காலியில் இருப்போரும் அலையை அருகே காண வழி வேண்டும். இரண்டாவது, கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வரலாற்று இடங்கள்தோறும் மும்மொழிகளிலும் விளக்கப் பலகைகள் நாட்டப்பட வேண்டும். அவற்றில் கட்டியவர் பெயர் மட்டுமன்றி 1883, 1958, 1983, 2007 ஆகிய ஆண்டுகளும் இடம்பெற வேண்டும். மூன்றாவது கோரிக்கை அரசிடம் அன்று, நம்மிடம். நமது பாடசாலைகளும் சங்கங்களும் ஆண்டுக்கு இருமுறையேனும் பிள்ளைகளை இந்தத் தெருக்களில் நடத்திச் செல்ல வேண்டும். பட்டிமன்றத்துக்கு ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்கும் ஆகாது.

விருந்தினருக்கு நேரம் குறைவு என்பதை அறிவேன். சிகிரியா காத்திருக்கின்றது, நல்லூர் காத்திருக்கின்றது. ஒரு நாளை மட்டும் ஒதுக்குங்கள். முடியாவிட்டால் ஒரு மாலையையாவது ஒதுக்குங்கள். உங்கள் தாயோ தந்தையோ இங்கே ஒரு லொட்ஜில் மாதக் கணக்கில் காத்திருந்துதான் உங்களை அந்த நாடுகளுக்குக் கொண்டு சேர்த்திருப்பார்கள். எந்த ஒழுங்கை, எந்த லொட்ஜ் என்று அவர்களிடம் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். கட்டடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒழுங்கை அங்கே இருக்கும். அதன் மேற்கு முனையில் கடலும் இருக்கும்.